ஒன்பது வருஷத் தவணை, ஐந்து வருஷ உத்தரவாதம்: எந்தத் தேசியக் காரை வாங்குவது?

அக்காள் மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அன்று சாயந்திரமே போன் செய்தாள். "மாமா, காடி வாங்கணும். பெஸ்ஸாவா, சாகாவா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்ல, ஒரேயடியா எலெக்ட்ரிக் வாங்கிடவா?" என்று அடுத்த கேள்வியையும் போட்டாள்.

அவள் கேட்ட இரண்டும் நம் மலேசியாவின் தேசியக் கார்கள். பெஸ்ஸா பெரோடுவா நிறுவனத்தின் கார், சாகா புரோட்டோன் நிறுவனத்தின் கார். அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாதத் தவணை 600 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டக் கூடாது. அவள் சொல்லாமல் விட்டவற்றை நான் சேர்த்துக்கொண்டேன். பூச்சோங்கில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறாள், அங்கே காரைச் சார்ஜ் செய்ய வசதி இல்லை. வேலைக்குப் போய்வருவதும் மாதம் ஒரு முறை தைப்பிங் போவதும் சேர்த்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓட்டுவாள். அப்புறம் அவள் பாட்டி, அதாவது என் அம்மா. அம்மாவைச் சக்கர நாற்காலியோடு கிளினிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு இனி அந்தக் காருக்குத்தான்.

இந்தக் கேள்விக்குப் பல வருஷமாக ஒரே பதில்தான் இருந்தது. "பெரோடுவா வாங்கு, விற்றாலும் விலை போகும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. 2025 அக்டோபர் 30 அன்று புரோட்டோன் இ.மாஸ் 5 என்ற சிறிய மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. நவம்பர் 27 அன்று புதிய இன்ஜினோடு சாகா வந்தது. டிசம்பர் 1 அன்று பெரோடுவா தன் முதல் மின்சாரக் காரான கியூவி-இ காரை இறக்கியது. ஐந்தே வாரத்தில் மூன்று தேசியக் கார்கள். மூன்றும் வெவ்வேறு வழியில் போகின்றன.

காரைப் பார்ப்பதற்கு முன் கடனைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பெரும்பாலானோர் எடுப்பது ஒன்பது வருஷக் கடன். இரண்டு தேசிய நிறுவனங்களும் பெட்ரோல் கார்களுக்குத் தரும் உத்தரவாதம் ஐந்து வருஷம் அல்லது 150,000 கிலோமீட்டர். ஆக, கடைசி நான்கு வருஷம் தவணையையும் நாமே கட்டுவோம், பழுதுச் செலவையும் நாமே ஏற்போம். எந்தக் கார் என்று யார் என்னைக் கேட்டாலும், முதலில் அந்த நான்கு வருஷத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். காட்சிக்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும் காரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏழாவது வருஷம் மழைக்காலத்தில், ஈப்போவைத் தாண்டிய ஏதோ ஒரு சின்ன ஊரில் அது நின்றுவிட்டால் அங்குள்ள பட்டறைக்காரர் கை வைப்பாரா? அதற்கான பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? எனக்கு அதுதான் கேள்வி.

கடன் கணக்கு எளிதானது. கடன் தொகை 40,000 வெள்ளி. முழுத் தொகைக்கும் வருஷா வருஷம் ஒரே வட்டி போடும் பழைய முறையில் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருஷத்துக்கு வட்டி 10,800 வெள்ளி, தவணை ஏறத்தாழ 470. ஏழு வருஷம் என்றால் வட்டி 8,400, தவணை 576. வங்கிக்கு வங்கி விழுக்காடு மாறும், ஆனால் இந்த வித்தியாசத்தின் போக்கு மாறாது. மாதம் 600 கட்ட முடிந்தவள் எதற்கு 470 கட்டி, 2,400 வெள்ளி கூடுதல் வட்டியும் கொடுக்க வேண்டும்? அதனால் அவளுக்கு முதலில் சொன்னது இதைத்தான்: 44,000 வெள்ளி அளவில் கார் பார், பத்து விழுக்காடு முன்பணம் போடு, ஏழு வருஷத்தில் முடித்துவிடு. உத்தரவாதம் போனபின் கட்டும் காலம் நான்கிலிருந்து இரண்டு வருஷமாகக் குறைகிறது.

சரி, பெஸ்ஸாவும் சாகாவும்.

பெஸ்ஸா 2016 ஜூலையில் வந்தது. பெரோடுவாவின் முதல் செடான் அதுதான். 2020 தொடக்கத்தில் முகம் மாறியது, அடிப்படை மாறவில்லை. 1.3 லிட்டர் எக்ஸ் வகை 43,980 வெள்ளி, 1.0 லிட்டர் ஆட்டோ 36,580. தீபகற்பத்தில் காப்புறுதி சேர்க்காத விலை இவை. 1.3 இன்ஜின் 95 குதிரைத்திறன் தரும், கியர் நான்கு. இது பழைய கருவி என்பதில் சந்தேகமே வேண்டாம். நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது ஐந்தாவது கியர் இல்லாததால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், சத்தமும் உள்ளே கேட்கும். ஆனால் அந்தப் பழமைதான் அதன் பலமும். பத்து வருஷமாகக் கிராப் வாடகைக் கார் ஓட்டுநர்கள் இந்தக் காரை இரவு பகலாக ஓட்டியிருக்கிறார்கள். எது எத்தனை கிலோமீட்டரில் தேயும், எதை எவ்வளவுக்கு மாற்றலாம் என்பது நாட்டில் உள்ள ஒவ்வொரு பட்டறைக்கும் மனப்பாடம். இந்த அறிவு விலைப் பட்டியலில் வராது, ஆனாலும் அது காரோடு சேர்ந்துதான் வருகிறது.

சாகாவின் கதை வேறு. இந்தப் பெயர் 1985 ஜூலை 9 அன்று பிறந்தது. 1983 மே மாதம் துன் மகாதீரின் எண்ணத்தில் புரோட்டோன் தொடங்கி இரண்டு வருஷத்தில், மிட்சுபிஷியின் காரை அடிப்படையாகக் கொண்டு வந்த முதல் தேசியக் கார். என் அப்பா கைமாறி வாங்கியதும் ஒரு பழைய சாகாதான். டேஷ்போர்டில் முருகன் படம், பின்கண்ணாடியில் தோட்டத்துப் புழுதி, மழை பெய்தால் உள்ளே வினைல் இருக்கையின் வாசம். தோட்டத்திலிருந்து தைப்பிங் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் எங்கள் குடும்பம் போனது அந்தக் காரில்தான். அந்தப் பாசம் எனக்கு இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துவிட்டு நான் சொல்வதை எடைபோடுங்கள்.

புதிய சாகாவில் 1.5 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன். மூன்று வகைகள்: 38,990, 44,990, 49,990 வெள்ளி. கீழ் வகைக்கு நான்கு கியர், மேல் இரண்டுக்கும் சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர். பழைய சாகாவின் 1.3 இன்ஜினோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். ஏறக்குறைய ஒரே விலையில் பெஸ்ஸா 95, சாகா 120 குதிரைத்திறன். நாலு பேர் ஏறி, பின்னால் சாமான் வைத்து, புக்கிட் பெராப்பிட் மேட்டில் லோரியை முந்தும்போது அந்த 25 குதிரைத்திறன் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். சாலை வரியில் பெரிய வித்தியாசம் இல்லை. 1.3-க்கு வருஷம் 70 வெள்ளி, 1.5-க்கு 90.

அப்படியானால் சாகாதானே என்று கேட்கலாம். இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த இன்ஜினும் இந்தச் சிவிடியும் இந்த உடம்பில் புதிதாகச் சேர்ந்தவை. ஏழாவது வருஷத்தில் அவை எப்படி இருக்கும் என்று சொல்லும் கார் ஒன்றுகூட இன்னும் சாலையில் இல்லை. புதிதாக வந்த காரை முதல் வருஷமே வாங்குபவர் கம்பெனிக்காகச் சோதனை ஓட்டமும் சேர்த்து ஓட்டுகிறார். இது எல்லா நிறுவனத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். வீட்டில் இரண்டாவது கார் இருக்கிறவருக்கு அந்த ஆபத்து பெரிதல்ல. பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஒரே காரை நம்பியிருப்பவளுக்குப் பெரிதுதான்.

பாதுகாப்பையும் பார்த்துவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மோதல் சோதனையில் பெஸ்ஸாவின் ஐந்து நட்சத்திரம் 2016-இன் அளவுகோலில் வாங்கியது, அதற்குப் பிறகு சோதனைகள் கடுமையாகிவிட்டன. முன்னால் மோதப் போகிறோம் என்று தெரிந்தால் தானாக பிரேக் பிடிக்கும் வசதி பெஸ்ஸாவில் 49,980 வெள்ளி ஏவி வகைக்குத்தான் உண்டு. சாகாவிலும் இப்படிப்பட்ட உதவிகள் உச்ச வகைக்குத்தான். இரண்டு நிறுவனங்களும் பாதுகாப்பை மேல் தட்டில் வைத்து விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தோல் இருக்கையைப் பணம் உள்ளவருக்கு விற்கட்டும், உயிர்காக்கும் பொருளை எல்லாருக்கும் கொடுக்கட்டும். விற்பனையாளரிடம் போகும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன், நான் பார்க்கும் இந்த வகையில் எத்தனை ஏர்பேக், நழுவலைத் தடுக்கும் கட்டுப்பாடு உண்டா, குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி உண்டா என்று கேளுங்கள். தயங்கினால் விவரத் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

பெரோடுவாவின் மைவியையும் அக்ஸியாவையும் நீளமாகப் பேசத் தேவையில்லை. 2005-இல் வந்த நாள் முதல் மைவி நாட்டின் செல்லப்பிள்ளை. இப்போதைய 1.5 எக்ஸ் 50,900 வெள்ளி. நல்ல கார், எங்கள் வரவுக்கு மேலே. அக்ஸியா 2023-இல் புதிய அடித்தளத்தில் வந்தது. 38,600-இல் தொடங்கும் ஆட்டோ வகைகள், வருஷம் 20 வெள்ளி சாலை வரி. 22,000 வெள்ளிக்கு மேனுவல் கியர் அக்ஸியா இ-யும் உண்டு. தனியாக நகரத்துக்குள் ஓட்டும் ஒருவருக்கு அக்ஸியாவைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு அக்ஸியா ஒத்துவராததற்குக் காரணம் சக்கர நாற்காலி. ஒரு சனிக்கிழமை அம்மாவின் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் காட்சிக்கூடத்திலேயே வைத்துப் பார்த்தோம். மடித்தாலும் அதன் பெரிய சக்கரங்கள் இரண்டும் அப்படியே வட்டமாக நிற்கும், அகலம் குறையுமே தவிர உயரம் குறையாது. அக்ஸியாவின் பின்பக்க பூட் 265 லிட்டர்தான், பின் இருக்கையை மடக்காமல் நாற்காலி உள்ளே போகவில்லை. பின் இருக்கையை மடக்கினால் அம்மா எங்கே உட்காருவார்? பெஸ்ஸாவில் 508 லிட்டர். நாற்காலியைப் படுக்க வைத்து, பக்கத்தில் மருந்துப் பை, அதற்குப் பக்கத்தில் அரிசி மூட்டை என்று வைக்கலாம். சாகாவின் 420 லிட்டரிலும் நாற்காலி போனது, சற்றுச் சாய்த்து நுழைக்க வேண்டியிருந்தது. அக்காள் மகள் குனிந்து தூக்கி வைத்தபோது அவள் முதுகு எவ்வளவு வளைகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் நான்கு முறை, வருஷத்தில் ஐம்பது முறை அவள் அதைத் தூக்க வேண்டும். உங்கள் வீட்டில் எது பெரியதோ, குழந்தை வண்டியோ கச்சேரி மிருதங்கமோ, அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி மின்சாரம். அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் குழப்பப்படுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இ.மாஸ் 5 சீனாவின் ஜீலி உருவாக்கிய சிறிய மின்சாரக் காரின் நம் ஊர்ப் பதிப்பு. கீழ் வகையின் விலை தள்ளுபடி இல்லாமல் 59,800 வெள்ளி, 30 யூனிட் கொள்ளும் பேட்டரி, ஒரு சார்ஜில் 225 கிலோமீட்டர் என்பது நிறுவனக் கணக்கு. மேல் வகைக்கு 40 யூனிட் பேட்டரி, 325 கிலோமீட்டர். 60,000-க்குள் தேசிய முத்திரையோடு மின்சாரக் கார் வரும் என்று நான் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை.

மாதம் 1,200 கிலோமீட்டருக்கு இந்தக் கார் சுமார் 160 யூனிட் மின்சாரம் குடிக்கும். வீட்டிலேயே சார்ஜ் செய்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 45 சென், ஆக 72 வெள்ளி. பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று தாராளம் இல்லாமல் போட்டால் 80 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு வைத்த 1.99 வெள்ளி விலையில் அது 159 வெள்ளி. மின்சாரத்தில் மாதம் 87 வெள்ளி மிச்சம். நல்லதுதான். ஆனால் இ.மாஸ் 5-க்கும் பெஸ்ஸா 1.3 எக்ஸ்-க்கும் விலை வித்தியாசம் 15,820 வெள்ளி. இரண்டுக்கும் பத்து விழுக்காடு முன்பணம், ஒன்பது வருஷம், அதே 3 விழுக்காடு என்று போட்டால் தவணை ஏறத்தாழ 633-ம் 466-ம். தவணையில் 167 கூடுதலாகக் கட்டி, எண்ணெயில் 87 மிச்சம் பிடிக்கிறோம். இரண்டும் சமமாக வேண்டுமானால் மாதம் 2,300 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

இதற்கு மேல் ஓடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. என் தம்பி சிரம்பானில் தரைவீட்டில் இருக்கிறான், தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். வாசலிலேயே கார் நிற்கும், இரவு முழுக்கச் சார்ஜ் ஏறும். அவனுக்கு நான் இ.மாஸ் 5-ஐத் தயங்காமல் சொன்னேன். எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை.

ஏழாவது மாடியில் இருப்பவளுக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும். பொதுச் சார்ஜரில், அதிலும் வேகமானதில், யூனிட்டுக்கு 1.30 வெள்ளி என்று வைத்தால் அதே 160 யூனிட் 208 வெள்ளி ஆகிவிடும். மானிய விலைப் பெட்ரோலைவிட அதிகம். மேலும் அதற்காகப் போய் வரிசையில் நிற்கும் நேரமும் நம்முடையது. 2025-க்குள் நாடு முழுக்க 10,000 சார்ஜர் என்ற அரசாங்க இலக்கு எட்டப்படவில்லை. அடுக்ககங்களில் சார்ஜர் வைக்க நிர்வாகக் குழுவின் சம்மதம் வாங்குவது தனிப் போராட்டம். இந்த நாட்டில் மின்சாரக் காருக்கு மாறுவது இன்றைக்குத் தரைவீட்டுக்காரர்களுக்கு ஒரு விலையிலும் அடுக்ககவாசிகளுக்கு வேறு விலையிலும் இருக்கிறது. அடுக்ககத்தில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்கள். இந்த அநியாயத்தைச் சரிசெய்யாமல் புதுப் புது மாடல்களை மேடையேற்றி என்ன பயன்?

பெரோடுவாவின் கியூவி-இ-யை நான் மிகவும் ஆசையோடு பார்த்தேன். ஜப்பானின் டைஹாட்சுவிடமிருந்து வாங்கி மாற்றாமல், பெரோடுவாவே முன்னின்று உருவாக்கிய கார் அது. பெரோடுவாவின் முதல் காரான கான்சில் வந்த 1994-இலிருந்து இதற்குத்தான் காத்திருந்தோம் என்றுகூடச் சொல்வேன். 52.5 யூனிட் பேட்டரி, 204 குதிரைத்திறன். ஆனால் விற்கும் முறையில் இடறுகிறது. அறிமுக விலை 80,000 வெள்ளி, பேட்டரி சேர்க்காமல். பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது வருஷத்துக்கு. கூட்டினால் 29,700 வெள்ளி. அக்காள் மகளின் பெட்ரோல் செலவே மாதம் 159-தான், இங்கே பேட்டரி வாடகை மட்டும் அதைத் தாண்டுகிறது. மின்சாரச் செலவு அதற்கும் மேலே. பேட்டரி கெட்டால் கவலை நம்முடையதல்ல என்ற நிம்மதிக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கான்சிலையும் மைவியையும் சாதாரணக் குடும்பங்களின் கையில் கொடுத்த நிறுவனத்திடம் எதிர்பார்த்த விலை இது இல்லை. தவணையும் வாடகையும் சேர்ந்தால் மாதம் 1,100 வெள்ளிக்கு மேல். அவள் அதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை.

நிறுவனங்களின் நிலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏழு வருஷத்துக்கு ஒரு காரை வாங்கும்போது அந்த நிறுவனத்தையும் ஏழு வருஷத்துக்கு நம்புகிறோம்.

2024-இல் நாட்டில் 816,747 புதிய வாகனங்கள் விற்றன. அதில் பெரோடுவா 358,102, புரோட்டோன் ஏறக்குறைய 150,000. இரண்டும் சேர்ந்து 60 விழுக்காட்டுக்கு மேல். புறத்தில் பார்த்தால் கோட்டை மாதிரி உறுதியாக இருக்கிறது. உள்ளே இரண்டுக்கும் வெவ்வேறு பலவீனம். புரோட்டோன் ஒரு காலத்தில் சந்தையையே ஆண்டது. பிறகு தரத்தில் பெயர் கெட்டு, கடனில் சிக்கி, 2017-இல் 49.9 விழுக்காட்டுப் பங்கை ஜீலியிடம் கொடுத்தது. அதற்கடுத்த வருஷம் வந்த எக்ஸ்70 கார்தான் அதற்கு மறுபடி மூச்சுக் கொடுத்தது. இன்றைக்கு அதன் நல்ல கார்களின் வேர் பெரும்பாலும் சீனாவில் இருக்கிறது. தேசியக் கார் என்ற பெயருக்கு இது போதுமா என்று வருத்தப்படுகிறவர்களோடு நானும் ஒருவன். அதே சமயம் தஞ்சோங் மாலிமில் 2025 செப்டம்பரில் திறந்த மின்சாரக் கார் தொழிற்சாலையில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள். மூடிய தொழிற்சாலையில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பெரோடுவா எப்போதும் நிதானமாக நடந்த நிறுவனம். டைஹாட்சுவின் தொழில்நுட்பத்தை எடுத்து, நம் சாலைக்கும் நம் சம்பளத்துக்கும் பொருத்தி, ரவாங்கில் செய்து விற்றது. அந்த டைஹாட்சு 2023-இல் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டது, பட்டியலில் அக்ஸியாவின் பெயரும் இருந்தது. ஒரே ஆசிரியரை நம்பிப் படிக்கும் மாணவனுக்கு ஆசிரியர் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த வருஷம் காட்டியது. கியூவி-இ விலையில் எனக்குக் குறை உண்டு, ஆனால் சொந்தக் காலில் நிற்க எடுத்த முயற்சி என்பதால் அது தோற்றுவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொன்று. நாற்பது வருஷமாக வெளிநாட்டுக் கார்களுக்கு நாம் கட்டிய வரி லேசானதில்லை. ஹோண்டா சிட்டியின் விலை 84,900-இல் தொடங்குகிறது, பெஸ்ஸாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வரிச் சுவருக்குப் பின்னால்தான் தேசியக் கார்கள் வளர்ந்தன. சுவரைக் கட்டியது மக்கள் பணம் என்பதால் நல்ல காரையும் நியாயமான உதிரிப்பாக விலையையும் கேட்பது நம் உரிமை. காட்சிக்கூடத்தில் அந்த உரிமையோடு பேசுங்கள்.

சீன நிறுவனங்களின் கார்களைப் பார்க்கலாமா என்றும் அவள் கேட்டாள். அவளுடைய வரவுக்குள் எதுவும் வரவில்லை. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு இருந்த வரிவிலக்கும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது, இங்கேயே பூட்டப்படுபவற்றுக்கு 2027 இறுதிவரை உண்டு. பணம் இருப்பவர்களுக்கு அவை நல்ல தேர்வாக இருக்கலாம். நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வேன். சில வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவரின் வெளிநாட்டுக் காரில் முன் பம்பர் உடைந்தது. பெயர் வேண்டாம். சின்ன மோதல், யாருக்கும் காயமில்லை. பம்பர் வந்து சேர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பிள்ளைகளை என் காரில்தான் பள்ளிக்கு அனுப்பினார். நீங்கள் விரும்பும் காருக்கு முன் பம்பரும் பின் விளக்கும் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று விற்பனைப் பிரிவில் கேட்காமல் பழுதுபார்க்கும் பிரிவில் கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

கடைசியில் நான் அவளுக்குச் சொன்னது பெஸ்ஸா 1.3 எக்ஸ், ஏழு வருஷக் கடன். முன்பணம் போகத் தவணை 570 வெள்ளி. தானாக பிரேக் பிடிக்கும் வசதி இந்த வகையில் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏவி வகைக்கு இன்னும் 6,000 வெள்ளி முன்பணம் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். சாகாவை நான் தள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்த 1.5 இன்ஜின் நம் வெயிலிலும் நெரிசலிலும் அடிபட்டுத் தேறிய பிறகு யாராவது இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் மாறக்கூடும். மாற வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அவள் ஒரு நாள் யோசித்தாள். மறுநாள், "மாமா, பாட்டியே 2,000 வெள்ளி தர்றேன்னு சொல்றாங்க, பிரேக் தானா பிடிக்குற வண்டியே வாங்குன்னு" என்றாள். மீதி 4,000-ஐ நானும் அக்காவும் பகிர்ந்துகொள்வதாகப் பேசியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பதிவுப் பணம் கட்டப் போகிறோம், நாற்காலியை மறுபடி ஒருமுறை எடுத்துக்கொண்டு.